உப்பு விழுங்கிய சிக்னல்: என்.எம்.ஆர் உணர்திறனோடு எங்கள் போராட்டங்கள்

செல் சாறுகளில் வளர்சிதைமாற்றப் பொருட்களை அளப்பவர்

என்.எம்.ஆர் என்பது காந்தத்துக்குள் அணுக்கருக்கள் தரும் ரேடியோ சிக்னலைக் கொண்டு மூலக்கூறுகளை அடையாளம் காணும் முறை; இதில் இறங்கிய எல்லோரும் முட்டி நிற்கும் இடம் ஒன்றுதான்: சிக்னல் போதவில்லை. 14.1 டெஸ்லா காந்தத்துக்குள், அறை வெப்பநிலையில், பத்து லட்சம் புரோட்டான்களின் இரு ஆற்றல் நிலைகளுக்கும் இடையே எண்ணிக்கையில் சுமார் 48தான் வித்தியாசம். நம் காதில் விழுவது அந்த 48-இன் குரல் மட்டும். நாம் தேடுவதோ சில மைக்ரோமோலார். அதே குழாயில் தண்ணீர் 55 மோலார் அளவில் நிறைந்திருக்கிறது.

ஆகவே எங்கள் ஆய்வகத்துக்குக் கிரையோபுரோப், அதாவது சிக்னலைப் பிடிக்கும் சுருளைக் குளிர்வித்து வைத்திருக்கும் புரோப், வந்தபோது நான் பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. சுருளை ஹீலியம் வாயுவால் ஏறத்தாழ 20 கெல்வினுக்குக் குளிர்வித்தால் வெப்ப இரைச்சல் அடங்கி, மூன்று, நான்கு மடங்கு ஆதாயம் கிடைக்கும். தரப்படுத்தும் மாதிரியில் அப்படியே கிடைத்தது. என் செல் சாற்றை வைத்தேன். பழைய புரோபைவிடக் கொஞ்சம்தான் மேல். இரண்டு வாரம் காந்தப்புலத்தைச் சீராக்கும் ஷிம்மைத் திருத்தினேன், திரும்பத் திரும்ப அளந்து சேர்க்கும் ஸ்கேன்களைக் கூட்டினேன், குழாய்களை மாற்றினேன். பலனில்லை.

கருவியைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்த மூத்தவர் ஒருவர் ஒருநாள் வந்து பார்த்தார். நிறமாலையை அவர் பார்க்கவே இல்லை. அணுக்கருக்களின் காந்தத்தை முழுதாகச் சாய்க்கும் ரேடியோத் துடிப்பின், அதாவது 90 பாகைத் துடிப்பின், நீளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். வழக்கமாக 8 மைக்ரோநொடியில் நிற்பது 13 ஆகியிருந்தது. "குழாயில் உப்பு இருக்கிறது அம்மா" என்றார்.

இருந்தது. பெர்குளோரிக் அமிலத்தில் சாறெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கும் முறை என்னுடையது. வீழ்படிவை நீக்கிய பிறகும் அயனிகள் நிறையத் தங்கிவிடும். மின்சாரத்தைக் கடத்தும் கரைசல் சுருளின் ஆற்றலை உறிஞ்சும், அதனால்தான் துடிப்பு நீண்டது; அதுவே இரைச்சலையும் தரும். சாதாரண புரோபில் சுருளின் இரைச்சலே பெரிது என்பதால் இது அவ்வளவாகத் தெரியாது. சுருளைக் குளிரவைத்து அமைதிப்படுத்திய பிறகு, கூச்சலிடுவது குழாயில் உள்ள மாதிரிக் கரைசல் மட்டும்தான்.

மெத்தனால்–குளோரோபார்ம் முறைக்கு மாறினேன். தாங்கல் கரைசலின் செறிவைக் குறைத்தேன். 5 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 3 மில்லிமீட்டர் குழாய். கரைசலின் அளவு மூன்றில் ஒரு பங்காகிறதே என்று முதலில் மனம் ஒப்பவில்லை. ஆனால் சுருளின் நடு அச்சில் மின்புலம் மிகக் குறைவு, விலக விலகத்தான் கூடும். மெல்லிய குழாய் அந்த நடுவிலேயே நின்றுவிடுகிறது. கிடைத்த சாறு முழுவதையும் அந்தச் சிறு அளவுக்குள் செறிவாக்கவும் முடிந்தது. துடிப்பு நீளம் 9-க்கு இறங்கிய அன்று மாலை, நிறமாலை அச்சில் 8.45 பி.பி.எம்-இல் ஃபார்மேட் என்ற வளர்சிதைமாற்றப் பொருளின் ஒற்றைக் கோடு இரைச்சலுக்கு மேலே தெளிவாக நின்றதைப் பார்த்தேன்.

பிளாஸ்மா மாதிரிகளோடு இருப்பவர்

ஸ்கேன்களைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று நினைத்து நானும் இரவுகளைச் செலவிட்டிருக்கிறேன். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் ஸ்கேன் எண்ணிக்கையின் வர்க்கமூலமாகத்தான் ஏறும்: இரு மடங்கு வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம், நான்கு மடங்குக்குப் பதினாறு. அதைவிட ஷிம்மில் செலவிடும் பத்து நிமிடம் பயன் தரும். கோட்டின் அகலம் பாதியானால் உயரம் இரட்டிப்பாகிவிடும்.

இன்னொன்று. புரதத்தை நீக்க நுண்வடிகட்டி பயன்படுத்துபவர்கள் கவனியுங்கள். சவ்வு காய்ந்துவிடாதிருக்கக் கிளிசரால் பூசியிருப்பார்கள். ஒரு தடவை கழுவினால் போகாது. உணர்திறன் ஏற ஏற, இந்த அழுக்கும் சேர்ந்துதான் ஏறும்.

மிகைமுனைவாக்கத்தில் வேலை செய்பவர்

நாங்கள் அந்த 48-ஐயே ஏற்றுக்கொள்வதில்லை. இரு நிலைகளுக்கும் இடையிலான அந்த வித்தியாசத்தை, அதாவது முனைவாக்கத்தை, பன்மடங்கு பெருக்குவதுதான் மிகைமுனைவாக்கம். கார்பன்-13 குறியிட்ட பைருவேட்டைத் தனி எலக்ட்ரான் கொண்ட டிரிட்டில் மூலக்கூறோடு கலந்து, 1.4 கெல்வினுக்குக் கீழே உறையவைத்து, நுண்ணலை பாய்ச்சி எலக்ட்ரானின் முனைவாக்கத்தைக் கார்பனுக்கு மாற்றுகிறோம். பிறகு சுடுநீரால் நொடிகளில் கரைக்கிறோம். 2003-இல் இந்த முறையை வெளியிட்டபோதே பத்தாயிரம் மடங்குக்கு மேல் ஆதாயம் காட்டினார்கள்.

ஆனால் அது கரையும் செல்வம். ஆயுள் ஒரு நிமிடம் போல. ஒன்றரை மணி நேரம் காத்திருந்து கரைத்து, ஓடிப்போய்ச் செல்கள் இருந்த குழாயில் செலுத்தினேன். முதல் நிறமாலையில் 171-இல் பைருவேட் மலைபோல் எழுந்தது. இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. முந்தைய சோதனையின் 90 பாகைத் துடிப்பு அளவுருவில் அப்படியே கிடந்திருக்கிறது. சேர்த்ததையெல்லாம் ஒரே துடிப்பு எடுத்துக்கொண்டது. மிகைமுனைவாக்கம் செலவானால் திரும்பி வராது. மறுநாள் 10 பாகைத் துடிப்பாக, இரண்டு நொடிக்கு ஒன்றாகக் கொடுத்தேன். பைருவேட் தாழத் தாழ 183-இல் லாக்டேட் தலைதூக்கியது. உயிருள்ள செல்லில் ஒரு நொதி வேலை செய்வதைக் கண்ணெதிரே பார்ப்பது வேறு அனுபவம். அந்தக் காட்சிக்காக இன்னும் பல முறை ஓடுவேன்.

செல் சாறுக்காரர், மீண்டும்

வடிகட்டி பற்றிப் படித்ததும் மனம் உறுத்தியது. செல் வளர்த்த ஊடகத்தை நானும் அப்படித்தான் வடிக்கிறேன். இன்று காலை வெறும் தண்ணீரை வடித்து நிறமாலை எடுத்தேன்: 3.55 முதல் 3.8 வரை கிளிசரால். செல்கள் கிளிசராலை வெளிவிடுகின்றன என்று போன மாதக் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன்; அந்தப் பக்கத்தை அடித்துத் தேதி போட்டேன். வடிகட்டியை ஏழு முறை கழுவி அதே ஊடகத்தை மறுபடி வடித்தேன். கிளிசரால் இருந்த இடத்தில், 3.56-இல், இதுவரை அதனடியில் மறைந்திருந்த கிளைசின் தனிக்கோடாக நிற்கிறது.