வெட்டைக் காணியில் அன்ரெனா நட்ட அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து:

சோலார் பம்புக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற சின்னப் பட்டறை எங்களது. ஆய்வுகூடத்துக்கு அனுப்ப முன்னம், பெட்டி எவ்வளவு றேடியோ இரைச்சல் விடுகிறது என்று நாங்களே வெளியில் வைத்து அளந்து பார்க்க இடம் தேடினோம். வன்னியில் வெட்டைக்கா பஞ்சம்? இரணைமடுப் பக்கம் ஒரு காணி கிடைத்தது. வீடு இல்லை, கரண்ட் கம்பி இல்லை. ஆனால் ஸ்பெக்ட்ரம் அனலைசரை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் கருவி) போட்டதும் எஃப்எம் பகுதி முழுக்கக் கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரம்தான் நின்றது. 174 மீற்றர் உயரம், 2011 இல் திறந்தது. மரத்துக்குப் பின்னால் ஒளிந்து தப்ப முடியாது.

கணக்கைப் பாருங்கள். வீட்டுப் பாவனைப் பொருட்களுக்கு 10 மீற்றர் தூரத்தில், 30 முதல் 230 மெகாஹேர்ட்ஸ் வரை சிஸ்பர் (றேடியோ இரைச்சலுக்குத் தரம் வகுக்கும் சர்வதேசக் குழு) விதிக்கும் எல்லை 30 டெசிபெல் (மீற்றருக்கு ஒரு மைக்ரோவோல்ட் என்பதை அடியாக வைத்து). நாட்டுப்புறத்தில் எஃப்எம் ஸ்ரீரியோ நன்றாகக் கேட்பதற்கு ஐரியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) திட்டமிடும் அளவு அதே அலகில் 54. சுற்றுப்புறச் சத்தம் எல்லைக்கு 6 டெசிபெல் கீழே இருந்தால் நல்லது என்பார்கள். பாட்டுத் தெளிவாகக் கேட்கிற காணியில் அந்தப் பட்டைக்குள் பெட்டியின் சத்தத்தைத் தேடுவது வீண்வேலை. 3 மீற்றருக்குக் கிட்ட வந்தால் எல்லை ஏறக்குறைய 10 டெசிபெல் கூடும். பெட்டியை நிறுத்தியும் ஓடவிட்டும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். மிச்சப் பட்டைகளில் பிரச்சினை இல்லை.

அளக்கிற தளம், அதாவது காணி, நல்லதோ என்று பார்ப்பது வேறு வேலை, அதற்குக் கோபுரம் பெரிய தடையில்லை. நாங்களே சிக்னல் அனுப்புவதால் நிலையத்தின் அதிர்வெண்ணை விட்டுக் கொஞ்சம் விலகி அளக்கலாம். முதலில் அனுப்புகிற கேபிளையும் வாங்குகிற கேபிளையும் நேரே பொருத்தி ஒரு அளவு, பிறகு அன்ரெனாக்களைப் போட்டு, சிக்னல் வாங்கும் அன்ரெனாவை 1 மீற்றரிலிருந்து 4 மீற்றர் வரை ஏற்றி இறக்கிக் கூடிய அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் அன்ரெனா காரணிகளை (அலையின் புலவலுவுக்கும் அன்ரெனா தரும் வோல்ட்டுக்கும் உள்ள விகிதம்) கழித்தால் வருவது என்எஸ்ஏ, அதாவது அந்தத் தளத்தில் சிக்னல் எவ்வளவு குறைகிறது என்ற எண். கோட்பாட்டு மதிப்பிலிருந்து 4 டெசிபெல்லுக்குள் நின்றால் தளம் தேறும்.

எங்களைப் படுத்தியது வேலிதான். 10 மீற்றர் அளவைக்குப் பெட்டியையும் அன்ரெனாவையும் சுற்றி 20 மீற்றர் நீளமும் 17.3 மீற்றர் அகலமும் உள்ள நீள்வட்டத்துக்குள் ஒன்றும் நிற்கக்கூடாது. முள்ளுக்கம்பி கிடையாக ஓடுகிறது, அது கிடை முனைவாக்கத்தை (அலையின் மின்புலம் கிடையாக ஆடுவது) குழப்பும். கொங்கிறீற் தூணுக்குள் நிமிர்ந்து நிற்கிற கம்பி நிலைக்குத்து முனைவாக்கத்தை (நிமிர்ந்து ஆடுவது) குழப்பும். காணிக்கார ஐயாவிடம் சொன்னோம். "இவ்வளவு வெட்டை கிடக்கு, ஏன் தம்பி என்ரை வேலியிலை கை வைக்கிறாய்?" என்றார். சரி என்று அளவைக் கோட்டையே மற்றப்பக்கம் தள்ளிப் போட்டோம்.

முல்லைத்தீவிலிருந்து:

நான் வெளிநாட்டில் அன்ரெனா அளவுதிருத்தம் செய்கிற இடமொன்றில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்தவன். மேலே எழுதியவர் அன்ரெனா காரணியை எங்கிருந்து எடுத்தார் என்றுதான் நான் முதலில் கேட்பேன். மூன்று அன்ரெனா முறை வசதியானது: மூன்றையும் இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து அளந்தால் மூன்று சமன்பாடு, மூன்று காரணியும் வந்துவிடும், முன்கூட்டித் தெரிந்த அன்ரெனா தேவையில்லை. ஆனால் அந்த முறை தளம் குறைபாடில்லாதது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. கோணல் தளத்தில் அதைச் செய்து, வந்த காரணியை வைத்து அதே தளத்தைச் சோதித்தால் பிழை பிழையைத் தின்றுவிடும். விளைவு அழகாக 1 டெசிபெல்லுக்குள் வரும், நம்பவே கூடாது. அன்ரெனாக்களை அளவுதிருத்துகிற தளத்துக்கு 4 டெசிபெல் என்ற சலுகை மிகக் கூடுதல். அதற்குக் காரணியைக் கணக்கிலேயே பெறக்கூடிய இருமுனை (டைபோல்) அன்ரெனாவைக் கொண்டுபோய்ச் சோதிக்கவேண்டும்.

அலை சீராகத் தெறிக்கத் தளத்தின் தரையில் விரிக்கும் கம்பி வலையைப் பற்றியும் ஒன்று. 1000 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் 30 சென்ரிமீற்றர். ஓட்டை அதில் பத்தில் ஒன்று, 3 சென்ரிமீற்றரை விடச் சிறிதாக இருக்கவேண்டும். கோழிக்கூட்டு வலையில் கண் சின்னதாகப் பார்த்து வாங்கலாம். ஆனால் ஆக்கள் மறப்பது பொருத்துகளை. இரண்டு வலையை ஒன்றன்மேல் ஒன்று போட்டுவிட்டால் போதாது, 3 சென்ரிமீற்றருக்குக் கிட்டக் கிட்ட ஈயம் பற்றவைக்கவேண்டும். எங்கள் கடற்கரைக் காற்றில் பற்றவைக்காத மூட்டு ஒரு மழைக்குள் துருப்பிடிக்கும், பார்வைக்கு வலை முழுசாகத்தான் இருக்கும்.

நெடுங்கேணியிலிருந்து:

மண்ணுக்குள் கிடக்கும் ஷெல் துண்டுகள் அளவைக் கெடுக்குமா என்று போன கிழமை ஒரு தம்பி கேட்டிருந்தார். வலைக்குக் கீழே இருப்பது வலைக்கு மேலே தெரியாது. வெளியில் புதைந்த சின்னத் துண்டுகளும் இந்த அலைநீளங்களுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. தகரக் கொட்டில், உழவு இயந்திரம், அளக்கும்போது பக்கத்தில் நிறுத்தின மோட்டார் சைக்கிள், இவைதான் வில்லங்கம்.

ஆனால் தம்பி, வலைக்கு எர்த் கம்பி அடிக்க முதல் அந்தக் காணி கண்ணிவெடி அகற்றிக் கையளித்ததா என்று கிராம சேவையாளரிடம் விசாரியுங்கள். மேலே உழுதிருக்கிறார்கள் என்பதை நம்பி ஆழத்துக்குக் கம்பி இறக்கவேண்டாம்.