எட்டுப் பந்து பூல்: கறுப்போடு வெள்ளையும் விழுந்தால் யாருக்கு ஜெயம்?

மலைக்காற்று:
வணக்கம். எங்கள் அலுவலக ஓய்வறைக்குப் பூல் மேசை வந்திருக்கிறது. எண் போட்ட பந்துகளை வைத்து எட்டுப் பந்து ஆடுகிறோம். யாருக்கும் விதி முழுசாகத் தெரியாது. எல்லோரும் கேரம் ஆடி வளர்ந்தவர்கள் என்பதால் அந்தப் பழக்கமே இங்கேயும் வருகிறது. நேற்று எதிரில் ஆடியவர், முன்கூட்டியே சொன்ன பாக்கெட்டிலேயே கறுப்பை, அதாவது கடைசியாகப் போட வேண்டிய எட்டாம் எண் பந்தைப் போட்டார். ஆனால் கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்தும் பின்னாலேயே உருண்டு உள்ளே போய்விட்டது. "கறுப்புதானே முதலில் விழுந்தது, ஜெயம் எனக்கு" என்கிறார். சரியா?

அப்புறம், வெள்ளை விழுந்தால், ஏற்கெனவே போட்ட பந்து ஒன்றை எடுத்து மேசையில் வைக்கிறோம். அதுவும் விதிதானா? பிரேக்கில், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடியில், ஸ்ட்ரைப் (பட்டை போட்ட பந்து) விழுந்தால் அந்த ஆள் ஸ்ட்ரைப்தான் ஆட வேண்டும் என்று ஒருவர் சாதிக்கிறார்.

எனக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. நேராக நிற்கும் பந்தைச் சரியாகப் போட்டுவிடுகிறேன். வெள்ளையும் அதன் பின்னாலேயே பாக்கெட்டுக்குள் போகிறது. மெதுவாக அடித்தாலும் நிற்பதில்லை. வழி சொல்லுங்கள்.

சாக்குத்தூள்:
அவர் தோற்றுவிட்டார். எது முதலில் விழுந்தது என்பது கணக்கே இல்லை.

பச்சைத்துணி:
சாக்குத்தூள் சொன்னதுதான் சரி. வெள்ளை விழுவது ஃபவுல், அதாவது விதிமீறல். உலக பூல்-பில்லியர்ட் சங்கத்தின் விதிப்படி, கறுப்பு விழுந்த அதே அடியில் ஃபவுல் செய்தால் ஆட்டம் போச்சு. சொல்லாத பாக்கெட்டில் கறுப்பு விழுந்தாலும், மேசையை விட்டு வெளியே பறந்தாலும் அப்படித்தான். உங்கள் கடைசிப் பந்தும் கறுப்பும் ஒரே அடியில் விழுந்தாலும் தோல்விதான். கறுப்புக்கென்று தனியாக ஒரு அடி வேண்டும்.

போட்ட பந்தைத் திரும்ப எடுத்து வைப்பது கேரம் வழக்கம். இங்கே அது கிடையாது, விழுந்தது விழுந்ததுதான். தண்டனை வேறு: எதிராளி வெள்ளையைக் கையில் எடுத்து, மேசையில் விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். ஒரு பந்தைத் திரும்ப வைப்பதைவிட இது கடுமையானது. நன்றாக ஆடத் தெரிந்தவர் கையில் வெள்ளை கிடைத்தால் ஆட்டத்தையே முடித்துவிடுவார்.

பிரேக்கில் எது விழுந்தாலும் மேசை எல்லோருக்கும் பொதுதான். அதற்குப் பிறகு முறையாகப் போடும் முதல் பந்துதான் யாருக்கு சாலிட் (பட்டையில்லாத முழு நிறப் பந்துகள்), யாருக்கு ஸ்ட்ரைப் என்று முடிவு செய்யும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், புதிதாக ஆடும் இடங்களில் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்வதே இல்லை. வெள்ளை உங்கள் பந்தை முதலில் தொட வேண்டும். தொட்ட பிறகு ஏதாவது ஒரு பந்து விழ வேண்டும், அல்லது வெள்ளையோ வேறு பந்தோ குஷனை (மேசையின் ஓரத்து மெத்தைச் சுவரை) தொட வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் ஃபவுல். இந்த விதி இல்லாவிட்டால் சும்மா தொட்டுத் தொட்டு வைத்து ஆட்டத்தை இழுத்துக்கொண்டே போகலாம். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

தேம்ஸ்கரை:
லண்டனிலிருந்து எழுதுகிறேன். இங்கே பப்களில் ஏழடி மேசை, பந்தும் சிறியது, சிவப்பு மஞ்சள் என்று இரண்டு நிறம். ஃபவுல் செய்தால் எதிராளிக்கு இரண்டு வாய்ப்பு தருவது பல பப்களில் வழக்கம். அந்த ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்துவிட்டு உங்கள் மேசையில் வாதாடினால் குழப்பம்தான். எண் போட்ட பந்து என்றால் பச்சைத்துணி சொன்னதையே பின்பற்றுங்கள்.

சாக்குத்தூள்:
வெள்ளை நிற்காததற்கு வருகிறேன், சகோ. மெதுவாக அடிப்பதுதான் உங்கள் சிக்கலே. வெள்ளையின் நடுவில் மெதுவாக அடித்தால் துணியின் உராய்வால் அது சீக்கிரமே முன்னோக்கி உருள ஆரம்பிக்கும். மோதும்போது அதன் வேகம் எதிர்ப்பந்துக்குப் போய்விடும், ஆனால் உருளல் வெள்ளையிடமே மிஞ்சும். அந்த மிச்ச உருளல்தான் அதைப் பாக்கெட்டுக்குள் கொண்டுபோகிறது.

நிற்க வேண்டுமானால் மோதும் நேரத்தில் வெள்ளை உருளாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவுக்குக் கொஞ்சம் கீழே, சற்று அழுத்தமாக அடியுங்கள். பின்சுழற்சியோடு கிளம்பும், துணி அந்தச் சுழற்சியைத் தின்று தீர்க்கும் இடத்தில் எதிர்ப்பந்து இருந்தால் வெள்ளை அங்கேயே நிற்கும். தூரம் கூடினால் இன்னும் கீழே, அல்லது இன்னும் வேகமாக அடிக்க வேண்டும். முதலில் ஓர் அடி இடைவெளியில் பழகுங்கள், பிறகு தள்ளிக்கொண்டே போங்கள். கியூவின் (அடிக்கும் கோலின்) நுனியில் சாக் தடவாமல் கீழே அடித்தால் வழுக்கிவிடும். கியூவை முடிந்த அளவு படுக்கை வாட்டில் பிடியுங்கள்.

சாய்வான அடியில் நிற்க வைக்க முடியாது. வழுக்கி வரும் வெள்ளை, பந்து போன திசைக்குக் கிட்டத்தட்ட 90 பாகையில் விலகும். உருண்டு வரும் வெள்ளை எதிர்ப்பந்தின் பாதியில் மட்டும் பட்டால், தான் வந்த திசையிலிருந்து 30 பாகை அளவுக்குத் திரும்பும். அந்த வழியில் பாக்கெட் இருக்கிறதா என்று அடிக்கும் முன்பே பாருங்கள்.

மலைக்காற்று:
மிக்க நன்றி. இன்று மதியம் கொஞ்சம் கீழே அடித்துப் பார்த்தேன், பக்கத்துப் பந்துகளில் வெள்ளை நிற்கிறது! இன்னும் ஒன்றுதான். பிரேக்கிலேயே கறுப்பு விழுந்தால்? கறுப்பைக் குறிவைக்கும்போது அது விழாமல் வெள்ளை மட்டும் விழுந்தால்?

பச்சைத்துணி:
பிரேக்கில் விழுந்தால் ஜெயமும் இல்லை, தோல்வியும் இல்லை. வெள்ளை விழாத பட்சத்தில், பிரேக் செய்தவர் கறுப்பை, தொடக்கத்தில் பந்துகளை அடுக்கும் முக்கோணத்தின் முனைப்பந்து நிற்கும் புள்ளியில் வைத்துத் தொடரலாம், அல்லது திரும்ப பிரேக் செய்யலாம். சில இடங்களில் இதை நேரடி ஜெயமாக வைத்திருக்கிறார்கள், ஆடத் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். இரண்டாவதற்கு, வெள்ளை மட்டும் விழுந்தால் வெறும் ஃபவுல்தான். எதிராளி வெள்ளையைக் கையில் எடுத்துக்கொள்வார், ஆட்டம் தொடரும்.