1964 லேண்ட் ரோவர் 109: முன்னால வின்ச் பூட்டலாமா?

மஸ்கெலியா_109:
வணக்கம். அப்பா விட்டுட்டுப் போன 109 பிக்கப், 1964, 2.25 லீட்டர் பெட்ரோல். இன்னைக்கும் மரக்கறி ஏத்துது. மே மாசம் மழை பிடிச்சா எங்க தோட்டத்து மண் ரோட்டுல மூணாவது வளைவு சேறாகிடும். போன வருஷம் கோவா மூட்டைங்களோட ராத்திரி பூரா அங்கேயே நின்னேன். விடிஞ்சப்போ பாதி கோவா நசுங்கிப் போச்சு. முன் பம்பருல, கயித்தைச் சுத்தி வண்டியை வெளிய இழுக்கிற வின்ச், 9500 இறாத்தல் இழுக்கிற மின்சார வின்ச், ஒண்ணு பூட்டலாம்னு இருக்கேன். செஞ்சவங்க சொல்லுங்க.

கயிறும்_கப்பியும்:
வேண்டாம் தம்பி. அந்த வண்டிக்கென்றே கெப்ஸ்டன் வின்ச் இருந்தது. கிராங்க் முனையிலிருந்து எஞ்சினே அதைச் சுற்றும். நிமிர்ந்து நிற்கும் உருளையில் கயிற்றை மூன்று நான்கு சுற்றுப் போட்டு, நுனியைப் பிடித்து இழுத்தால் கவ்விக்கொள்ளும். கையைத் தளர்த்தினால் இழுவை நின்றுவிடும். அவ்வளவு மென்மையான கட்டுப்பாடு வேறு எந்த வின்ச்சிலும் கிடையாது.

உன் வண்டியில் பேட்டரியை ஏற்றுவது பழைய டைனமோவாக இருந்தால் அது கூடியது 22 ஆம்பியர்தான் தரும். நீ சொல்லும் மின்சார வின்ச் முழுப் பாரத்தில் 400 ஆம்பியர் அளவுக்கு விழுங்கும். ஒரு நிமிடம் இழுத்ததைத் திருப்பி ஏற்ற, டைனமோ முழு வேகத்தில் 18 நிமிடம் ஓடவேண்டும். ஹெட்லைட் போடாமல்!

நோர்வூட்காரன்:
அண்ணே, கணக்கு சரிதான். ஆனா முழுப் பாரத்துல ஒரு நிமிஷம் விடாம யாரு இழுக்கிறா? கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, எஞ்சினை ரேஸ் பண்ணி, திரும்ப இழுப்போம். டைனமோவைக் கழட்டிட்டு ஆல்டர்னேட்டர் போட்டா அந்தப் பேச்சே முடிஞ்சுது.

கெப்ஸ்டன் 3000 இறாத்தல்தான். இவரு வண்டி சுமையோட இரண்டரை டன். அச்சு வரைக்கும் சேத்துல புதைஞ்ச வண்டியை அது எப்படி எடுக்கும்? அதோட இவரு ஒத்த ஆளு. மழையில கயித்து நுனியையும் பிடிச்சு ஸ்டியரிங்கையும் யாரு பிடிக்கிறது? தண்ணி பட்டு எஞ்சின் நின்னா கெப்ஸ்டனும் சேர்ந்து நின்னுடும்.

கயிறும்_கப்பியும்:
அதற்குத்தான் கப்பி. ஒரு கப்பி போட்டால் இழுவை கிட்டத்தட்ட இரட்டிப்பு, வேகம் பாதி. சேற்றில் வேகம் எதற்கு? 9500 என்று எழுதியிருப்பதும் உருளையில் கயிறு முதல் அடுக்கு மட்டும் இருக்கும்போதுதான். மேலே அடுக்கு ஏற ஏற அது குறையும். கெப்ஸ்டனில் அடுக்கே இல்லை, கயிறு எவ்வளவு நீளமானாலும் ஒரே இழுவை. தனி ஆள் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று சொல்லிவைக்கிறேன்: கெப்ஸ்டனில் இரும்புக் கம்பிக் கயிறு ஒருபோதும் போடாதே.

பழைய_பட்டறை:
இரண்டு பேரும் வின்ச்சைப் பற்றியே கதைக்கிறியள். அதைப் பூட்டுற இடத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை.

பம்பர் பூட்டுற செசி முனை, அதாவது வண்டியின்ர அடிச்சட்டத்தின்ர முன் முனை, இரண்டும் கட்டி இரும்பில்லை. இரண்டு மில்லிமீற்றர் தகட்டை மடிச்சு ஒட்டின பெட்டி. முன் ஸ்பிரிங்கின்ர நுனியும் அதிலைதான் மாட்டியிருக்கு. அறுபது வருசமாய் சேறு உள்ளுக்குப் போய் இருந்து, உள்பக்கத்தாலை துரு தின்னும். வெளியாலை பெயின்ற் பளபளக்கும்.

என்னட்டை ஒரு 109 வந்தது. வேறொரு இடத்திலை தடிச்ச தகட்டை அந்த முனையிலை நேரே வெல்ட் பண்ணி வின்ச் பூட்டியிருந்தவை. ஒரு பக்கமாய் இருந்த மரத்திலை கட்டி இழுத்திருக்கினம். வெல்ட் அப்பிடியே இருந்தது. அதுக்குப் பக்கத்திலை இருந்த தகடு கிழிஞ்சு, முனை வாயைப் பிளந்தமாதிரி நிண்டது. ஸ்பிரிங் பின் விரலளவு முன்னுக்கு வந்திட்டுது. றோட்டிலை ஓடேக்கை அது கழண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

தம்பி, உங்கடை இடம் வளைவு. நேர் முன்னுக்கு மரம் கிடைக்காது, பக்கவாட்டிலைதான் இழுக்க வேண்டிவரும். அப்ப முழுப் பாரமும் ஒரு முனையிலை போய் விழும். முதல்லை பம்பரைக் கழட்டி, சின்னச் சுத்தியலாலை இரண்டு முனையையும் தட்டுங்கோ. கீழ்ப்பக்கத்தையும் விடாதேங்கோ. நல்ல தகடு மணிமாதிரிக் கேக்கும். உக்கின தகடு ‘பொத்’ எண்டும்.

முனை நல்லதெண்டால் வெல்ட் வேண்டாம். பெட்டிக்குக் குறுக்கே துளை போட்டு, உள்ளுக்கு ஒரு குழாய்த் துண்டு வைச்சு, அதுக்குள்ளாலை நீள போல்ற் போட்டு இறுக்குங்கோ. குழாய் இல்லாமல் இறுக்கினால் பெட்டி நசியும்.

நோர்வூட்காரன்:
இதை மறுக்க முடியாது ஐயா. ஆனா முனை நல்லா இருந்தா மின்சார வின்ச்தான்னு இப்பவும் சொல்வேன். இன்னொண்ணு, அந்தக் காலத்து வண்டியில பேட்டரியோட பிளஸ் பக்கம் பாடியில இருக்கும். அதை மாத்தாம வின்ச் வயரைக் கொடுத்துடாதீங்க.

கயிறும்_கப்பியும்:
பிளஸை மாற்று, டைனமோவை மாற்று, வின்ச்சின் 40 கிலோ பாரத்துக்கு முன் ஸ்பிரிங்கையும் மாற்று. கடைசியில் அப்பாவின் வண்டியில் என்ன மிஞ்சும்?

நோர்வூட்காரன்:
ராத்திரி பூரா சேத்துல நிக்காம வீடு வந்து சேர்ற வண்டி மிஞ்சும் அண்ணே. அவங்க அப்பாவும் அதைத்தான் விரும்பியிருப்பாரு.

மஸ்கெலியா_109:
இன்னைக்குக் காலையில பம்பரைக் கழட்டினேன். வலது பக்கம் ஐயா சொன்ன மாதிரி கணீர்னு கேட்டுச்சு. இடது பக்கம் கீழே மூணாவது தட்டுல சுத்தியல் மூலை உள்ளே போயிருச்சு. விரலை விட்டுத் தோண்டினா துருச் செதிலும் ஈரச் செம்மண்ணும் ஒரு தகரக்கோப்பை நிறைய வந்துச்சு. இத்தனை நாளா இது மேலதான் கோவா ஏத்தி இறக்கியிருக்கேன். கை நடுங்குது.

பழைய_பட்டறை:
இப்ப தெரிஞ்சது நல்லது. முனையை மட்டும் வெட்டிப் புதுசு ஒட்டலாம். வெட்ட முன்னம் வலப்பக்கத்திலையிருந்து ஸ்பிரிங் பின்னுக்குக் குறுக்களவு எடுத்து எழுதி வையுங்கோ. அது பிசகினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அது முடியும்வரை பாரம் ஏத்தாதேங்கோ.

கயிறும்_கப்பியும்:
மே மாதத்துக்குள் முடியாவிட்டால், கையால் இழுக்கும் டிர்ஃபோர் ஒன்று வாங்கி வண்டியில் வை. அதைப் பின்னாலும் மாட்டலாம். சேற்றிலிருந்து வந்த வழியே பின்னுக்கு எடுப்பதுதான் பெரும்பாலும் இலகு. முன் வின்ச்சால் அது முடியாது.

நோர்வூட்காரன்:
இதுல அண்ணன் சொல்றது சரி. அறுந்தா கம்பி பாயாம இருக்க, அது மேல ஈரச் சாக்கு ஒண்ணு போட மறக்காதீங்க.

மஸ்கெலியா_109:
டிர்ஃபோர் ஹட்டன்ல ஒருத்தர்கிட்ட இருக்குன்னு சொன்னாங்க, நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன். குறுக்களவு எடுத்து இங்கேயே போடுறேன் ஐயா, வெட்ட முன்னாடி ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க.