இடப்பக்க வளைவில் மட்டும் கவிழ்ந்த கார்: மூவரின் கார்பெட் பந்தய அனுபவங்கள்

மிட்லண்ட்ஸ், இங்கிலாந்து

பள்ளியொன்றின் விளையாட்டரங்கை வாடகைக்கு எடுத்து, குளிர்காலத்து வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் குழு ரேடியோ கார் (ரிமோட்டால் ஓட்டும் சிறிய மாதிரிக் கார்) பந்தயம் நடத்துகிறது. கார்பெட் சுருள்களை நாங்களே தோளில் சுமந்து வந்து விரித்து, இணைப்புகளில் டேப் ஒட்டி, இரவில் மீண்டும் சுருட்டி வைக்க வேண்டும் என்பதால், காரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதி உடல் களைத்துவிடும். நாங்கள் ஓட்டுவது உண்மைக் காரில் பத்தில் ஒரு பங்கு (1:10) அளவுள்ள, டூரிங் கார் என்னும் மின்சார வகை: 190 மி.மீ. அகலம், பெல்ட் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் விசை, இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, ஓர் ஓட்டத்துக்கு 5 நிமிடம்.

முதல் பருவத்தில் நான் செய்த பிழை, ஐரோப்பியப் போட்டிகளில் ஓடும் ஒருவருடைய செட்டப் தாளை (காரின் அமைப்பு அளவுகளின் பட்டியலை) எடுத்து, அதை அப்படியே என் காரில் இறக்கியதுதான். தரையிலிருந்து சேஸியின் (காரின் அடித்தட்டின்) உயரம் 5.2 மி.மீ., கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) 2 பாகை, பின் டோ (பின் சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பிய கோணம்) 3 பாகை, முன்னால் ஸ்பூல் (இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழற்றும் அச்சு), பின்னால் 7,000 எண் சிலிக்கோன் எண்ணெய் ஊற்றிய கியர் டிஃப் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கர அமைப்பு) என்று ஒவ்வொன்றையும் அளந்து வைத்தேன். ஆனால் அந்தத் தாள், ரப்பரும் அடிட்டிவும் (பிடிமானத்துக்காக டயரில் பூசும் திரவம்) நன்றாக ஊறிப்போன கார்பெட்டுக்காக எழுதப்பட்டது. எங்களுடையதோ அன்று மாலைதான் சுருளிலிருந்து பிரிந்து, அரங்கின் தூசியோடு கிடந்தது. முதல் ஓட்டத்தில் காரின் பின்பகுதி வழுக்கிக்கொண்டே இருந்தது. பதறிப்போய் ஸ்பிரிங்குகளை மென்மையானவையாக மாற்றி, நான்கு டயர்களிலும் அகலம் முழுவதும் அடிட்டிவ் பூசினேன். மூன்றாம் ஓட்டத்துக்குள் மற்ற கார்களின் ரப்பர் படிந்து தடத்தில் கரிய கோடு விழுந்துவிட்டது. பிடிமானம் தானாகவே ஏறியிருந்த அந்த நேரத்தில், மென்மையான ஸ்பிரிங்கோடு போன என் கார் நேர்பாதை முடியும் நீண்ட வளைவில் வெளிப்பக்க முன் டயரின் மேல் ஏறிக் குட்டிக்கரணம் அடித்து, தடுப்புப் பலகையில் மோதி நின்றது.

அடுத்த ஓட்டத்துக்குப் பத்து நிமிடமே இருந்ததால், சேஸிக்கு மேலே பூட்டிய, வளைந்திருந்த மேல் தட்டைக் கழற்றி நிமிர்த்தி, காரைக் கையில் பிடித்தபடியே திருகுகளை முடுக்கினேன். அதற்குப் பின் மூன்று வாரங்கள் அந்தக் கார் என்னை அலைக்கழித்தது. பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டேன், ஷாக்கின் (அதிர்வுதாங்கியின்) எண்ணெயை மாற்றினேன், உயரத்தைக் குறைத்தேன், கவிழ்வது நிற்கவில்லை. அருகில் மேசை போட்டிருந்த முதியவர் ஒருவர் ஒரு கேள்விதான் கேட்டார்: எந்தப் பக்கம் திரும்பும்போது கவிழ்கிறது? அதுவரை நான் அதைக் கவனித்திருக்கவில்லை. இடப்பக்கம் திரும்பும்போது மட்டுமே கவிழ்ந்தது. வலப்பக்கம் திரும்பும்போதோ கார் வளையவே மறுத்து அகலமாகப் போனது. அவர் காரைச் சமதளப் பலகையில் வைத்து, சேஸியின் முன் விளிம்பில் நட்டநடுவே கத்தி முனையைக் கொடுத்து மெல்லத் தூக்கினார். இரண்டு முன் சக்கரங்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழ வேண்டும். என் காரில் இடது சக்கரம் முதலில் எழுந்தது. சேஸி முறுக்கிக்கொண்டு, முன் வலது சக்கரத்தின் மேல் கூடுதல் பாரம் உட்கார்ந்திருந்தது. இடப்பக்கம் திரும்பினால் அந்த டயர்தான் கார்பெட்டைக் கவ்வும். மேல் தட்டின் திருகுகளைத் தளர்த்தி, காரைப் பலகையோடு அழுத்திப் பிடித்தபடி மீண்டும் முடுக்கியதும் சரியாகிவிட்டது. மூன்று வாரங்களில் நான் வாங்கிய ஸ்பிரிங்குகளின் விலையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

ஓடென்சே, டென்மார்க்

மிட்லண்ட்ஸ் அண்ணா குறிப்பிட்ட கவிழ்தல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்தால், சேஸியை விட்டுவிட்டு டயரைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் ஜனவரியில் நடந்த டிஎச்ஐ கப் என்னும் ரேடியோ கார் போட்டியைப் பார்க்கப் போய்த்தான் நான் இந்தப் பொழுதுபோக்கில் விழுந்தேன். முன்னணி ஓட்டுநர்களின் முன் டயர்களில் வெளிப்பக்கச் சுவர் கண்ணாடிபோல் மின்னியதைப் பார்த்து, அது டயரின் வகை என்றே எண்ணியிருந்தேன். உண்மையில் அது சூப்பர் குளூ. கார் சாயும்போது டயரின் பக்கச்சுவர் கார்பெட்டில் உரசிக் கவ்வாமல் வழுக்கிப் போவதற்காக அதைப் பூசுகிறார்கள்.

அறிந்த உடனே செய்து பார்க்கும் அவசரத்தில் ஒரே பூச்சாகத் தடிப்பாகப் பூசினேன். பசை வழிந்து, தரையில் படும் பகுதியிலும் ஏறி, காய்ந்ததும் பாளம்பாளமாக வெடித்தது. அந்த மாலை முழுவதும் காரின் முன்பக்கம் பனிக்கட்டியில் போவதுபோல் இருந்தது. இப்போது மெல்லிய பூச்சாக இரண்டு முறை, முதலாவது நன்றாகக் காய்ந்த பின்னரே இரண்டாவது என்று பூசுகிறேன். டயர் தேயத் தேயப் பசையின் விளிம்பும் உரிந்துபோகும் என்பதால், ஓட்டத்துக்கு ஓட்டம் அதைத் தடவிப் பார்க்க வேண்டும். அடிட்டிவையும் முன் டயரில் உட்பக்கப் பாதிக்கு மட்டும் பூசித் தொடங்கி, முதல் நிமிடத்தில் கார் திரும்பவில்லை என்றால் மட்டுமே சற்று அகலப்படுத்துகிறேன். பின் டயரில் முழுவதும் பூசலாம். ஓடுவதற்கு முன் அதை நன்றாகத் துடைத்தெடுக்க மறந்தால், முதல் இரண்டு லேப் (சுற்று) கண்ணீர்தான்.

ஒஹாயோ, அமெரிக்கா

கிளீவ்லாந்தில் நன்றி தெரிவிக்கும் நாளை ஒட்டிய வார இறுதியில் விடுதி அரங்கொன்றில் நடந்த பெரிய உள்ளரங்கப் போட்டியைப் பார்த்துவிட்டு நானும் ஒரு கார் வாங்கினேன். கவிழ்வது எனக்குத் தொல்லையாக இருந்ததில்லை; என் தொல்லை பேராசை. ஓடுவது 17.5 டர்ன் (மோட்டாரின் கம்பிச்சுற்று எண்ணிக்கை) மோட்டார் வகுப்பு. அதில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி டைமிங்கைக் (மோட்டாருக்கு மின்சாரம் போகும் தருணத்தை) கூட்டி வேகம் ஏற்றித் தராது, ஆகவே எல்லாருடைய விசையும் ஏறத்தாழ ஒன்றுதான். நேர்பாதையில் என்னை ஒருவர் தாண்டிப் போனதும், மோட்டாரில் பூட்டும் சிறு பல்சக்கரமான பினியனைப் பெரிதாக்கக் கைவைத்தேன்.

பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியர் 96 பல், அதற்குப் பின் சக்கரம் வரையிலான உள் விகிதம் 1.9. பினியன் 42 பல்லாக இருந்தபோது மொத்த விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்ற மோட்டார் சுற்றும் தடவைகள்) 4.34, அதை 45 ஆக்கியதும் 4.05 ஆனது. முதல் நிமிடம் அருமையாக இருந்தது. நான்காம் நிமிடத்தில் சிறு வளைவுகளிலிருந்து வெளியேறும்போது கார் மூச்சு வாங்கியது. முடிந்ததும் அளந்தேன்: மோட்டார் 95 பாகை செல்சியஸ். அந்தச் சூட்டில் காந்தம் வலுவிழக்கும் என்று தெரிந்திருந்தும் இன்னும் இரண்டு ஓட்டம் அப்படியே ஓட்டினேன். மோட்டார் அதற்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

புதிய மோட்டாரோடு 42க்கே திரும்பினேன். சூடு 70ஐத் தாண்டுவதில்லை; ஐந்தாம் நிமிடத்து லேப் நேரமும் முதல் நிமிடத்து நேரமும் இப்போது ஒட்டியே வருகின்றன. நேர்பாதையில் அந்த நண்பர் இன்னமும் என்னைத் தாண்டுகிறார். அடுத்த இரண்டு வளைவுகளுக்குள் நான் அவரைத் தாண்டிவிடுகிறேன்.