மறு: குளியலறைக் கால்மிதி – 'சிங்கிள்', 'டபுள்' குரோஷாவுக்குத் தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

குரோஷா (முனையில் கொக்கியுள்ள ஒற்றை ஊசியால் நூலைப் பின்னும் கைவேலை) கால்மிதியின் செய்முறையை வெளியிடுவதற்கு முன்னால் சொற்களைத் தீர்த்துக்கொள்வோம் என்று தொடங்கிய பேச்சு, நாற்பது மடலைத் தாண்டிவிடும் போலிருக்கிறது. எனக்குத் தோன்றுவதை ஒரே மடலில் சொல்லிவிடுகிறேன்.

> சிங்கிள் = ஒற்றைப் பின்னல், டபுள் = இரட்டைப் பின்னல். நேராகத்தானே இருக்கிறது, இதில் என்ன சிக்கல்?

சிக்கல் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதைத்தான் பிரிட்டிஷார் டபுள் என்கிறார்கள். அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள். ஊசி ஒன்று, கைவேலை ஒன்று, பெயர் மட்டும் ஒரு படி தள்ளி நிற்கிறது. நம்மிடம் இரண்டு கணக்கும் புழங்குகின்றன. அம்மாக்கள் காலத்துக் கையேடுகளில் பிரிட்டிஷ் கணக்கு, யூடியூபில் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு. 'இரட்டை' என்று எழுதிவிட்டால் எந்த இரட்டை என்று இன்னொரு மடல் போட வேண்டும்.

பூ வைத்த மேசைவிரிப்பு என்றால் ஒரு படி மாறினாலும் பெரிதாகத் தெரியாது. கால்மிதியில் தெரியும். தோழி ஒருத்தி பிரிட்டிஷ் குறிப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, காணொளியில் பார்த்த அமெரிக்க டபுளை, அதாவது உயரமான வகையை, போட்டு முடித்து எனக்குப் படம் அனுப்பினாள். கெட்டியாக வரவேண்டியது வலை மாதிரி வந்திருந்தது. மிதித்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது, கட்டைவிரல் ஓட்டையில் மாட்டுகிறது. குறிப்பில் தவறில்லை, அவள் கையிலும் தவறில்லை.

தவிர, ரெட்டைப் பின்னல் என்றால் ரிப்பன் கட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

> தையல் என்று போட்டால்?

வேண்டாம். இங்கே துணியும் இல்லை, காதுள்ள ஊசியும் இல்லை. 'பின்னல்' முழு வேலைக்கும் பொதுப்பெயர், அதையும் திருப்பூர் பின்னலாடை எடுத்துக்கொண்டது. ஊசி ஒரு முறை நுழைந்து வெளியே வந்து முடிகிற ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் 'கண்ணி' இருக்கிறது. சங்கிலிக்கும் கண்ணி, வலைக்கும் கண்ணி. கண்ணிவெடி நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வரட்டும், கொஞ்ச நாளில் போய்விடும்.

மற்ற மொழிக்காரர்கள் பலர் இந்த இரண்டையும் ஒற்றை, இரட்டை என்று எண்ணுவதில்லை. ஜெர்மானியர்கள் அமெரிக்க சிங்கிளைக் கெட்டிக் கண்ணி என்கிறார்கள், டபுளைச் சின்னக் குச்சி என்கிறார்கள். ஸ்பானியத்தில் தாழ்ந்தது, உயர்ந்தது. ரஷ்ய மொழியில் சுற்றில்லாத கம்பம், சுற்றுள்ள கம்பம். ஜப்பானியர்கள் நீளத்தை வைத்தே முடித்துவிட்டார்கள்: இடைநீளம், நீளம், நீள்நீளம். இப்படி உயரத்தையோ கைவேலையையோ வைத்துப் பெயர் சொன்னால் அட்லாண்டிக்குக்கு எந்தப் பக்கம் என்ற கேள்வியே எழாது.

நமக்குக் குறிலும் நெடிலும் ஒன்றாம் வகுப்பிலேயே பழக்கம். அதனால் என் முன்மொழிவு குறுங்கண்ணி, இடைக்கண்ணி, நெடுங்கண்ணி, நெடுநெடுங்கண்ணி. கடைசியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், பையன் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டான் என்று தினமும் சொல்கிறோம்.

கையில் பார்த்தால் இப்படி. ஊசியில் நூலைச் சுற்றாமல் நேரே நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையம் நிற்கும். மறுபடி நூலைக் கொக்கியில் மாட்டி இரண்டையும் ஒரே இழுப்பில் தாண்டினால் குறுங்கண்ணி. முதலில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு நுழைந்தால் மூன்று வளையம். மூன்றையும் ஒரே இழுப்பில் முடித்தால் இடைக்கண்ணி, இரண்டிரண்டாக இரண்டு இழுப்பில் முடித்தால் நெடுங்கண்ணி. ஆரம்பத்திலேயே இரண்டு சுற்று என்றால் நெடுநெடு. அமெரிக்க சிங்கிள்தான் நம் குறுங்கண்ணி. இதை ஒரு தடவை முகப்பில் எழுதிவிட்டால் போதும்.

> தெர்மல் ஸ்டிச்சுக்கு வெப்பக் கண்ணி

இதற்குத்தான் எனக்கு உண்மையான ஆட்சேபம். சூடான பாத்திரம் பிடிக்கிற துணிக்கு அதை நிறையப் பயன்படுத்துவதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கண்ணி சூடாகவும் இல்லை, சூடு தரப்போவதும் இல்லை. நடப்பு வரிசையின் தலையில் ஓர் இழையையும், முந்தின வரிசையில் பின்பக்கம் விடுபட்ட ஓர் இழையையும் சேர்த்துக் கோத்துக் குறுங்கண்ணி போடுகிறோம். துணி இரண்டு மடங்கு தடிமனாக வருகிறது. சேலத்தில் பேருந்து நிலையமே ஈரடுக்கு. இது ஈரடுக்குக் குறுங்கண்ணி. கால்மிதிக்கு ஈரம் ஒட்டிய பெயர் என்று யாராவது படித்தாலும் நஷ்டமில்லை.

ஆனால் செய்முறையில் ஓர் எச்சரிக்கை சேருங்கள். ஈரடுக்கு மெத்தென்று இருக்கும், நூலை ஏராளமாகக் குடிக்கும், ஐப்பசி மழையில் சீக்கிரம் காயாது. காயாத பருத்தி இரண்டே நாளில் வாடை அடிக்கும். மாற்றிப் போட இரண்டு கால்மிதி வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்குச் சாதாரணக் குறுங்கண்ணியே போதும், அதையும் தடித்த நூலில் போட்டால் கெட்டியாகத்தான் வரும். அக்ரிலிக் வேண்டாம், அது தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது. பனியன் துணியை நாடாவாக வெட்டிச் செய்த நூல் நல்லது. கடைகளில் டீஷர்ட் யார்ன் என்று விற்பதற்கு 'பனியன் நூல்' என்றே எழுதலாம், திருப்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வழவழப்பான டைல்ஸ் என்றால் அடியில் வழுக்காத வலைவிரிப்பு ஒன்று கட்டாயம்.

சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க முதல் இரண்டு வரிசையை எழுதிப் பார்த்தேன் (பனியன் நூல், 10 மி.மீ. ஊசி, அகலம் ஏறக்குறைய 60 செ.மீ.; சங்கிலி என்பது தொடக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்துக் கோக்கும் வளையம்):

51 சங்கிலி போடவும். ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி, சங்கிலிக்கு ஒன்றாக 50 குறுங்கண்ணி. ஒரு சங்கிலி போட்டுத் திரும்பவும். மறுபடி 50 குறுங்கண்ணி. வரிசை முடிவில் எண்ணிப் பார்க்கவும். 49 வந்தால் ஓரம் சரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

சத்தமாகப் படித்தேன், நாக்கில் இடறவில்லை.

மிச்சம் இருப்பது ஸ்லிப் ஸ்டிச். 'நழுவு கண்ணி' என்று இருவர் சொல்லியிருக்கிறார்கள். பின்னுகிறவர்களுக்கு நழுவுவது என்றால் ஊசியிலிருந்து கழன்று போவது, அது வயிற்றைக் கலக்குகிற வார்த்தை. வட்டத்தை மூடவும் ஓரத்தைச் சேர்க்கவும்தான் இதை அதிகம் போடுகிறோம் என்பதால் நான் 'ஒட்டுக்கண்ணி' பக்கம்.

சுருக்கக் குறியீடாக சங், ஒ, கு, இ, நெ, நெநெ என்று வைத்தால் ஒன்றோடொன்று மோதவில்லை. ஈரடுக்குக்கு 'ஈ' போட்டால் சிறிய எழுத்தில் 'இ'யோடு குழம்பும், அதனால் 'ஈகு'. வேறு யோசனை இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கள் அன்று செய்முறையைத் தட்டச்சுக்குக் கொடுக்க வேண்டும்.