ஒரே ஒரு பல்வலி மாத்திரை, விடிய விடிய இழுப்பு

மதுரையிலிருந்து:
பல்வலி தாங்காமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டது ஒரே ஒரு டைக்ளோஃபெனாக். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மூக்கு அடைத்தது, முகம் சிவந்தது, நெஞ்சு பூட்டிக்கொண்டது. இன்ஹேலரை எத்தனை தடவை இழுத்தும் அடங்காமல் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நெபுலைசர், ஊசி, விடியும்வரை ஆக்ஸிஜன்.

எனக்கு இழுப்பு வந்ததே 34 வயதில்தான். அதற்கு முன்பே மூக்கில் சதை வளர்ந்து இரண்டு ஆபரேஷன். தாளிக்கிற வாசனை தெரிந்து வருஷக்கணக்காகிறது. மூக்குக்கு ஒரு டாக்டர், நெஞ்சுக்கு ஒரு டாக்டர் என்று போனதில் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அன்று டூட்டியில் இருந்த டாக்டரம்மாதான், "மூக்குல சதை இருக்காம்மா? முன்னாடி வலி மாத்திரைக்கு இப்படி ஆகியிருக்கா?" என்று கேட்டார். ஆகியிருந்தது. நான்தான் தூசி என்று நினைத்திருந்தேன்.

டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகள் உடம்பில் காக்ஸ்-1 என்ற நொதியைத் தடுக்குமாம். அதனால் அந்த நொதியால் உண்டாகும் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற பொருள் குறையும். அழற்சியைக் கிளப்பும் லுகோட்ரையீன் என்ற பொருள்களுக்குக் கடிவாளமே அதுதான். அது அவிழ்ந்ததும் அவை பெருகி மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். கடைசியில் லுகோட்ரையீன் இ4 ஆகிச் சிறுநீரில் இறங்கும். "நெஞ்சுல நடக்கிறது யூரின்ல தெரியும்மா" என்றார். எனக்கு அந்த டெஸ்ட் எடுக்கவில்லை, நடந்ததைக் கேட்டே முடிவுக்கு வந்தார். உங்களில் யாருக்காவது எடுத்தார்களா?

ஸ்டாக்ஹோமிலிருந்து:
எனக்கு எடுத்தார்கள் அக்கா. ஆஸ்பத்திரியில் உட்கார வைத்து, ஆஸ்பிரினைத் துளித்துளியாகக் கூட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு அளவுக்குப் பிறகும் மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கருவியில் ஊதச் சொன்னார்கள். முன்னும் பின்னும் சிறுநீர். (வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்கவே கூடாது.) எனக்கு ஆஸ்பிரின் தொடுவதற்கு முன்பே லுகோட்ரையீன் இ4 எகிறியிருந்தது. நிறையத் தண்ணீர் குடித்தால் நீர்த்துப்போகாதா என்று கேட்டேன். சிறுநீரில் இறங்கும் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவால் வகுத்துத்தான் கணக்கிடுவார்களாம். சிகரெட் பிடிப்பீர்களா என்றும் விசாரித்தார்கள், புகையும் அதை ஏற்றுமாம்.

பல ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்திய யு-பயோபிரெட் ஆய்வின் சிறுநீர் முடிவுகள் 2021-இல் வந்தன. வகை 2 அழற்சியோடு (ஒவ்வாமையில் வருவது போன்றது) கடும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இ4 கூடுதலாக இருந்தது. ஒவ்வாமையில் பங்குள்ள மாஸ்ட் செல்லிலிருந்து வரும் புரோஸ்டாகிளாண்டின் டி2-வின் எச்சங்களும் அப்படியே. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களிடமும் இவை இறங்கவில்லை. அதைப் படித்த அன்று அழுதேன். வேளை தவறாமல் மருந்து எடுத்தும் குறையவில்லையே, என்மேல்தான் தப்போ என்று அதுவரை நொந்துகொண்டிருந்தேன்.

கோவையிலிருந்து:
அப்பாவுக்கு இதே சிக்கலுக்கு மாண்டெலுகாஸ்ட் கொடுத்தார்கள். அது லுகோட்ரையீன் சுரப்பதை நிறுத்தாது, போய் ஒட்டும் இடத்தைத்தான் அடைக்கும். இழுப்பு நன்றாகக் குறைந்தது. ஆனால் கெட்ட கனவு, எரிச்சல், தூக்கமின்மை. 2020-இல் அமெரிக்க மருந்துத் துறை இதே மருந்துக்கு மனநிலை பற்றிய கடும் எச்சரிக்கை கொடுத்திருப்பதாக டாக்டரே சொல்லி, வேறு மருந்துக்கு மாற்றினார். வீட்டில் யாருக்காவது கொடுத்தால் ராத்திரி தூக்கத்தைக் கவனியுங்கள்.

மதுரையிலிருந்து:
நன்றி தம்பி, நன்றிம்மா. என் ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவிட்டேன்: ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் கூடாது. மருந்துக்கடைக்காரரிடமும் காட்டிவிட்டேன். பல்லை நேற்றுத்தான் பிடுங்கினார்கள். வலிக்கு பாராசிட்டமால் 500, அதுவும் டாக்டரைக் கேட்டுவிட்டு.