யாஸூவின் ‘அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்’: முதன்முதலாகக் கேட்ட நாள்

பதிவு:
யாஸூ என்பது வின்ஸ் கிளார்க்கும் பாடகி அலிசன் மொயேயும் சேர்ந்த பிரிட்டிஷ் மின்னணு பாப் இசை இணை; ‘அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்’ அவர்களின் முதல் பாடல் தொகுப்பு. பலரும் அறிந்திருப்பீர்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். லண்டனில் படித்த ஆண்டில், பழைய பொருள் கடையொன்றில் இந்த இசைத்தட்டை இரண்டு பவுண்டுக்கு வாங்கினேன். துள்ளலான மின்னணு பாப் பாடல்களைத் தந்த டெப்பெஷ் மோட் குழுவின் முதல் தொகுப்போடு அக்குழுவை விட்டு விலகிய வின்ஸ் கிளார்க்கின் கைவண்ணம் என்பதால், முதல் பாடலான ‘டோன்ட் கோ’வின் துள்ளல்தான் கடைசிவரை நீளும் என்று எண்ணி, பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். இரண்டாம் பக்கத்தில் ‘வின்டர் கில்ஸ்’ தொடங்கியது. துள்ளல் அடங்கி, மெதுவான பியானோவின் மேல் அலிசன் மொயேயின் கனத்த குரல் மட்டும் எழுந்தது. தொகுப்பு வெளிவந்தபோது அவருக்கு வயது 21 என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். அறைத்தோழர் வந்து குழாயை மூடிய பிறகுதான் தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

மறுமொழி 1:
எனக்கு நேர்ந்தது வேறு. அதே தொகுப்பின் ‘ஐ பிஃபோர் ஈ எக்செப்ட் ஆஃப்டர் சி’யில் பேச்சுத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து திரும்பத் திரும்ப ஒலித்தபோது, ஊசி சிக்கிக்கொண்டது என்று கருதி இருமுறை எழுந்து தூக்கி வைத்தேன். மறுநாள் தட்டைக் கடைக்கே எடுத்துச் சென்று முறையிட்டேன். கடைக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நல்ல தொகுப்பில் அது இடத்தை நிரப்பப் போட்ட வெறும் நிரப்பல் என்பதே என் கருத்து.

மறுமொழி 2:
நிரப்பல் என்பதை நான் ஏற்கவில்லை. முன்பு தேவாலயமாக இருந்த பிளாக்விங் ஒலிப்பதிவுக்கூடத்தில், தொகுப்பின் தலைப்பில் பெயர் வரும் ஒலிப்பதிவாளர் எரிக் ராட்கிளிஃபுடன் பணியாற்றிய இந்த இரு இளைஞர்களும், கையில் கிடைத்த ஒலிநாடாவையும் சின்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியையும் வைத்து எதையும் முயன்று பார்க்கத் துணிந்திருந்தார்கள். அத்துணிவு இல்லாவிட்டால், இறைவேண்டலை ஓதும் குரலை அடியில் ஓடவிட்ட ‘இன் மை ரூம்’ பிறந்திருக்காது. என் சொந்த அனுபவம் சிறியது: 1983 கிறிஸ்துமஸில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, இத்தொகுப்பிலுள்ள ‘ஒன்லி யூ’வை ஃப்ளையிங் பிக்கெட்ஸ் குழு வாத்தியமே இல்லாமல் வாயாலேயே பாடிய வடிவம்; அதையே மூலம் என்று பல ஆண்டுகள் நண்பர்களிடம் வாதாடி அவமானப்பட்டேன்.

இனி வாங்குவோருக்கு: அமெரிக்கப் பதிப்பில் பாடல்கள் சில மாறியிருக்கும், ஆகவே 1982ஆம் ஆண்டின் பிரிட்டன் பதிப்பையே தேடுங்கள். தட்டை ஈரத்துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள். மென்மையான தூரிகையால் வரிப்பள்ளங்களின் போக்கிலேயே தூசியை எடுங்கள். முதல்முறை கேட்கும்போது எந்தப் பாடலையும் தாண்டாதீர்கள். முக்கியமாக, பாத்திரம் கழுவிக்கொண்டு கேட்காதீர்கள்.

பதிவிட்டவர்:
அறிவுரைக்கு நன்றி. பாத்திரங்கள் இன்றும் என் முறைதான். ‘வின்டர் கில்ஸ்’ வருமுன் குழாயை மட்டும் மூடிவிடுகிறேன்.